கடற்படைப் பதிவும் கைச்சின்னமும்

முன்னோரை நினைத்தல் மக்களுக்கு இயல்பாக அமைந்த கடனாகும். போரிற் பட்ட வீரனுக்குப் பண்டைத் தமிழர் நடுகல் நாட்டி, அவன் பெயரையும் செயலையும் அதிற் பொறித்தனர். பொறித்த செய்தியைப் பிழையின்றிப் படிக்க வல்லார் இருப்பதனாலேயே அக்கற்கள் இன்றும் வரலாற்றுச் சான்றாகின்றன. நம் காலத்து முன்னோரைப் பொறுத்தவரை நடுகல்லின் இடத்தை அரசாங்கப் பதிவேடும் பழைய நிழற்படமும் பெற்றுள்ளன. கல்லெழுத்தைப் படித்தற்குப் பயிற்சி வேண்டியவாறே இவற்றைப் படித்தற்கும் பயிற்சி வேண்டும். பயிற்சியின்றிப் படிப்போர் இல்லாத பெருமையை முன்னோர்மேல் ஏற்றுவர்; உள்ள பெருமையைக் காணாது விடுவர். இரண்டும் முன்னோர்க்கு நாம் செய்யுங் குறையேயாம்.

இக்கட்டுரையிற் பிரித்தானிய றோயல் கடற்படையின் சேவைப் பதிவுகளையும், அப்படையினர் அணிந்த சின்னங்களையும் எவ்வாறு விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பதை எடுத்துரைக்கப் புகுகின்றோம். திருகோணமலைத் துறைமுகம் 1957ஆம் ஆண்டுவரை அக்கடற்படையின் தளமாயிருந்தது. இலங்கைக் கடற்படையும் அதன் மரபிலேயே தோன்றி வளர்ந்தது. ஆதலின் இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் சிலரது இல்லங்களிலேனும் பாட்டனாரின் சீருடைப் படமொன்றோ, மடிப்புக் கலையாத சான்றிதழொன்றோ பெட்டியின் அடியிற் கிடத்தல் கூடும். அவற்றைத் திறந்து பார்ப்பார்க்கு இப்பாடம் ஒரு கைவிளக்காகுக.

1. யாருடைய பதிவு?

முதலில் அறியவேண்டுவது, நம் முன்னோர் உண்மையில் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதாகும். 'கடற்படையில் இருந்தார்' என்னும் குடும்பக் கூற்றுப் பலபொருள் தருவது. திருகோணமலைக் கடற்படைத் துறையில் எழுதுவினைஞராகவும், தச்சராகவும், பொருத்துநராகவும், களஞ்சியக் காவலராகவும் வேலை பார்த்த நம்மவர் பலர். அவர்கள் குடிசார் ஊழியர். அவர்கட்குப் படைப் பதவியும் இல்லை, கைச்சின்னமும் இல்லை. அவர்தம் பெயரை மாலுமிகளின் பதிவேட்டிலே தேடுதல், கந்தபுராணத்திற் கண்ணகியைத் தேடுவதை ஒக்கும். வணிகக் கப்பலிற் சென்றோரும் அவ்வாறே வேறு வகையினர். வணிகக் கப்பலின் கப்டன் கடற்படைக் கப்டன் ஆகார்.

இலங்கையிற் கடற்படைத் தொண்டர் படையொன்றை அமைத்தற்கான சட்டம் 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அப்படை முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டது. 1943இல் அது இலங்கை றோயல் கடற்படைத் தொண்டர் சேமப்படை என்னும் பெயரைப் பெற்றது. 1950 டிசெம்பர் 9ஆம் நாள் றோயல் இலங்கைக் கடற்படை தோன்றியது. 1972இல் நாடு குடியரசானபொழுது 'றோயல்' என்னும் அடை நீங்கிற்று. ஒருவர் சேர்ந்த ஆண்டும் விலகிய ஆண்டும் தெரியுமாயின், இவற்றுள் எப்படையில் அவர் பெயரைத் தேடவேண்டும் என்பது தானே புலப்படும்.

பிரித்தானியக் கடற்படையில் மாலுமிகளை நீண்டகால ஒப்பந்தத்தில் நிலையாகச் சேர்க்கும் முறை 1853இல் ஏற்பட்டது. அதற்கு முன்னர் ஒரு கப்பலின் ஒரு பயணத்துக்கென்றே ஆட்களைச் சேர்த்து, பயணம் முடிந்ததும் விடுவித்தனர். 1853 முதற் சேர்ந்த மாலுமிகளின் பதிவேடுகள் இலண்டன் நகர்ப்புறத்துக் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிச்சாலையிற் பேணப்படுகின்றன. அவற்றுட் பெரும்பகுதியின் படிமங்களை இன்று இணையவழியே பெறலாம். அதிகாரிகளின் பதிவேடுகள் வேறு வரிசையாக உள்ளன. ஆகவே தேடுவோர், தேடப்படுபவர் மாலுமியோ அதிகாரியோ என்பதை முன்னரே துணிதல் வேண்டும்.

2. மாலுமியின் படிநிலை

கடற்படையினர் அதிகாரிகள், மாலுமிகள் என இரு பெரும் வகுப்பினர். மாலுமிகளின் படிகளைக் கீழிருந்து மேலாகக் கூறுவாம்.

பதினெட்டு வயது நிரம்பாது சேர்ந்தவர் இரண்டாந்தரப் பையன். பின்னர் முதலாந்தரப் பையன். பதினெட்டு வயதில் ஓடினரி சீமன், அதாவது சாதாரண மாலுமி. தொழிலிற் தேறியபின் ஏபிள் சீமன், அதாவது வல்ல மாலுமி. அதற்கு மேல் லீடிங் சீமன் என்னும் முன்னணி மாலுமி. அதற்கு மேற் பெற்றி ஒபிசர். எல்லார்க்கும் மேலே சீஃப் பெற்றி ஒபிசர் என்னும் பிரதம பெற்றி ஒபிசர். பழைய ஏடுகளிற் பெற்றி ஒபிசர் பதவி முதலாந்தரம், இரண்டாந்தரம் என இரண்டாகப் பிரிந்திருக்கும். 1907ஆம் ஆண்டிலிருந்து இரண்டாந்தரம் கைவிடப்பட்டது.

பெயரிலே 'ஒபிசர்' என்னும் சொல் இருத்தலைக் கண்டு பெற்றி ஒபிசரை அதிகாரி வகுப்பிற் சேர்த்தல் பெருவழக்கான மயக்கம். அவர் மாலுமி வகுப்பிலே உயர்ந்தவர். தரைப்படைச் சார்ஜன்டுக்கு ஒப்பானவர்.

தொழிற் பிரிவுக்கேற்பப் பெயர்கள் மாறும். கொதிகலனுக்குக் கரியிட்டவர் ஸ்டோக்கர் எனப்பட்டார். அப்பிரிவிலே லீடிங் ஸ்டோக்கர், ஸ்டோக்கர் பெற்றி ஒபிசர், சீஃப் ஸ்டோக்கர் எனப் படிகள் உயரும். கொடியாலும் விளக்காலும் செய்தி அனுப்பியவர் சிக்னல்மன். கம்பியில்லாத் தந்தியை இயக்கியவர் டெலிகிறாபிஸ்ட். பெயர் வேறாயினும் படிகளின் ஒழுங்கு ஒன்றே.

சேவை எண்ணும் பேசும் தன்மையது. 1908 முதல் எண்ணுக்கு முன்னே ஓரெழுத்து இடப்பட்டது. 'ஜே' என்பது மாலுமிகளும் செய்தித் தொடர்பினரும். 'கே' என்பது ஸ்டோக்கர். 'எல்' என்பது அதிகாரிகளின் சமையற்காரரும் பணியாளரும். 'எம்' என்பது ஏனைய பல தொழிலினர். 1925இற் சம்பளத் திட்டம் மாறியபின் சேர்ந்தோர்க்கு இவ்வெழுத்தோடு 'எக்ஸ்' சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து எண்களின் முன்னே நிற்கும் 'பீ', 'டீ', 'சீ' என்பன முறையே போட்ஸ்மவுத், டெவன்போட், சாற்றம் என்னும் தாய்த்துறைகளைக் குறிக்கும். ஆகவே படத்தின் பின்புறத்தில் ஓரெண் மாத்திரம் எழுதியிருந்தாலும், அதைக் கொண்டே அவருடைய தொழிலையும் துறையையும் கூறிவிடலாம்.

3. இடக்கையும் வலக்கையும்

இனிச் சின்னங்களுக்கு வருவோம். மாலுமியின் படத்தைப் பார்ப்போர் முதலில் இதனை மனத்திற் பதித்துக்கொள்க: இடக்கை பதவியையும் ஒழுக்கத்தையும் கூறும், வலக்கை தொழிலைக் கூறும்.

இடது மேற்கையிற் கயிறு சுற்றிய ஒற்றை நங்கூரம் இருப்பின் அவர் முன்னணி மாலுமி. முடியின் கீழே இரு நங்கூரங்கள் குறுக்காகப் பொருந்தியிருப்பின் பெற்றி ஒபிசர். பிரதம பெற்றி ஒபிசரைப் பிற்காலப் படங்களில் மணிக்கட்டருகே ஒவ்வொரு கையிலும் வரிசையாக வைத்துத் தைத்த மூன்று பெரிய பொத்தான்களால் அறியலாம். ஓடினரி சீமனுக்கும் ஏபிள் சீமனுக்கும் பதவிச் சின்னம் இல்லை.

பதவிச் சின்னத்தின் கீழே, அஃது இல்லாவிடத்து அவ்விடத்திற்றானே, கீழ்நோக்கிக் கூரான கோணப்பட்டிகள் ஒன்று முதல் மூன்றுவரை காணப்படும். இவையே நம்மவர் பலரை மயக்குவன. தரைப்படையில் மூன்று பட்டி அணிந்தவர் சார்ஜன்ட். இரண்டு பட்டி அணிந்தவர் கோப்ரல். இவ்வழக்கை நினைவிற் கொண்டோர், மூன்று பட்டி அணிந்த மாலுமியின் படத்தைக் கண்டதும் 'எங்கள் பாட்டனார் சார்ஜன்டாக இருந்தவர்' என்பர். கடற்படையில் இப்பட்டிகள் பதவியைக் குறியா. இவை நன்னடத்தைச் சின்னங்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மூன்றாண்டு நற்சேவைக்கு ஒன்றும், எட்டாண்டுக்கு இரண்டும், பதின்மூன்றாண்டுக்கு மூன்றும் வழங்கப்பட்டன. பதினெட்டு வயதின் பின்னரே இக்காலம் கணக்கிடப்பட்டது. சின்னத்தோடு சிறிது மேலதிகச் சம்பளமும் உண்டு. மாலுமிகள் தமக்குள்ளே நகைச்சுவையாக, 'இது மூன்றாண்டு அகப்படாத குற்றத்துக்குக் கிடைத்த பரிசு' என்று சொல்லிக்கொள்வதுண்டு.

மூன்று பட்டி அணிந்த ஏபிள் சீமன் கடற்படையிற் பெயர்பெற்ற ஒரு மனிதர். பதின்மூன்றாண்டுக்கு மேல் உழைத்தவர்; தொழிலில் வல்லவர்; ஆயினும் உயர்பதவியை விரும்பாதவர் அல்லது அடையாதவர். அவரைச் சார்ஜன்ட் என்பது அவர்க்கு உயர்வு தருவதன்று. 'பதின்மூன்றாண்டு மாசின்றி உழைத்த வல்ல மாலுமி' என்பதே அவர்க்குரிய மெய்யான விருது.

வலக்கைச் சின்னம் தொழிற்றேர்ச்சியைக் காட்டும். பீரங்கி வடிவம் பீரங்கிப் பயிற்சி பெற்றவர்க்குரியது. டோர்பிடோ வடிவம் அவ்வாயுதத்தைக் கையாண்டவர்க்குரியது. மூவிதழ்ச் சுழலி ஸ்டோக்கருக்கும், குறுக்கிட்ட இரு கொடிகள் சிக்னல்மனுக்கும், மின்னலோடு கூடிய சிறகுகள் டெலிகிறாபிஸ்டுக்கும், வட்டத்துள் அமைந்த சிவப்புச் சிலுவை நோயாளரைப் பராமரித்தவர்க்கும் உரியன. இச்சின்னங்களோடு சேரும் நட்சத்திரமும் முடியும் தேர்ச்சியின் மிகுதியைக் காட்டும்.

நிறத்தைக் கண்டும் மயங்கலாகாது. சிறந்த நீலச்சீருடையிற் சின்னங்கள் பொன்னிறம். வேலைக்கணியும் நீல உடையிற் சிவப்பு. வெப்பநாடுகளில் அணியும் வெள்ளை உடையில் நீலம். ஒருவரே ஒரே ஆண்டில் இம்மூன்றையும் அணிந்திருப்பர். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இவ்வேறுபாடு தோன்றாது. பெட்டியிலே துணிச் சின்னமே கிடைக்கும்பொழுது இக்குறிப்பு உதவும்.

தொப்பியின் நாடாவிற் கப்பலின் பெயர் பொறித்திருக்கும். ஆயின் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பகைவர் அறியாதவாறு கப்பற் பெயரை நீக்கி, 'எச்.எம்.எஸ்.' என்னும் மூன்றெழுத்தை மாத்திரமே பொறித்தனர். ஆதலின் அக்காலப் படத்தில் நாடாவைக் கொண்டு கப்பலை அறிய முயலுதல் வீண்.

4. அதிகாரிகளின் பொற்கோடுகள்

அதிகாரிகளின் பதவியை மணிக்கட்டைச் சுற்றியுள்ள பொற்பட்டிகளே காட்டும். சப் லெப்டினன்றுக்கு ஒன்று, லெப்டினன்றுக்கு இரண்டு, லெப்டினன்ற் கொமாண்டருக்கு இரண்டின் நடுவே மெல்லிய ஒன்று, கொமாண்டருக்கு மூன்று, கப்டனுக்கு நான்கு. அதற்கு மேல் அகன்ற பட்டி தோன்றும். கொமடோருக்கு அகன்றது ஒன்று மாத்திரம், ரியர் அட்மிரலுக்கு அதன்மேல் ஒன்று, வைஸ் அட்மிரலுக்கு இரண்டு, அட்மிரலுக்கு மூன்று. 1960 முதல் 1970 வரை நம் நாட்டுக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமரின் படத்தை நூல்களிற் காணும் மாணவர் இக்கணக்கை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெள்ளைச் சீருடையில் இப்பட்டிகள் மணிக்கட்டை விட்டுத் தோட்பலகைக்கு மாறும். மிட்சிப்மன் என்னும் பயிற்சி இளைஞருக்குப் பட்டியில்லை. கழுத்துப்பட்டையில் வெள்ளைத் துணித்துண்டு அமையும்.

ஈண்டுக் குறிக்கத்தக்கன மூன்று. முதலாவது, லெப்டினன்ற் கொமாண்டர் என்பது 1914இலேதான் தனிப்பதவியாயிற்று. அதற்கு முன் எட்டாண்டு மூப்புடைய லெப்டினன்றே நடுப்பட்டியை அணிந்தார். இரண்டாவது, பட்டிகளுக்கு இடையிலுள்ள நிறத்துணி தொழிற் பிரிவைக் காட்டும். ஊதா பொறியியலாளர், சிவப்பு வைத்தியர், வெள்ளை கணக்கு வழங்கற் பிரிவினர். மருத்துவம் முதலிய சில பிரிவுகள் ஒழிய ஏனையவற்றுக்கு 1955இல் இது நீக்கப்பட்டது. மூன்றாவது, போர்க்காலத்துத் தொண்டர் சேமப்படை அதிகாரிகளின் பட்டிகள் நேரானவையல்ல, அலைபோல் நெளிந்தவை. நெளிந்த பட்டியைக் கண்டால், அவர் கடலையே வாழ்நாட் தொழிலாகக் கொண்டவரல்லர். ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ இருந்து நாட்டின் நெருக்கடியில் முன்வந்தவர் என்று கருதலாம்.

ஒரே பெயர் இரு படைகளில் வெவ்வேறு உயரத்தில் நிற்பதையும் மறத்தலாகாது. தரைப்படைக் கப்டன் கடற்படை லெப்டினன்றுக்கே சமம். கடற்படைக் கப்டன் தரைப்படைக் கேணலுக்குச் சமம். இனி, சிறு கப்பலொன்றின் பொறுப்பை லெப்டினன்ற் ஒருவர் ஏற்றிருப்பினும் அக்கப்பலிலுள்ளோர் அவரை மரியாதையாகக் 'கப்டன்' என்றே அழைப்பர். ஆகவே ஒருவர் கடிதத்திலே 'எங்கள் கப்டன்' என எழுதியிருப்பின், அதனைப் பதவிப்பெயராகக் கொள்ளாது பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்க.

5. நிலத்தில் நின்ற கப்பல்கள்

பதிவேட்டிற் பெரும்பகுதி கப்பற் பெயர்ப் பட்டியலாகும். இங்கேதான் கற்பனை கரைகடந்து ஓடும். போட்ஸ்மவுத்தைச் சேர்ந்த மாலுமி ஒருவரின் ஏட்டில் 'விக்டறி' என்னும் பெயர் பன்முறை வரக் காணும் உறவினர், 1805இல் திறாபல்கார்ப் போரில் நெல்சன் நின்ற கப்பலிலே தம் முன்னோரும் நின்றார் என மகிழ்வர். உண்மை அதுவன்று. படையைச் சேர்ந்த ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கப்பலின் பேரேட்டில் இருத்தல் வேண்டும் என்பது கடற்படைச் சட்டம். ஆகவே கரையிலுள்ள படைமனைகளுக்கும் பயிற்சிச்சாலைகளுக்கும் கப்பற் பெயரே வழங்கியது. 'விக்டறி' என்பது போட்ஸ்மவுத்திலும், 'பெம்புறோக்' என்பது சாற்றத்திலும், 1934வரை 'விவிட்' என்பது டெவன்போட்டிலும் இருந்த கரைத்தளங்களைக் குறிக்கும். ஷொட்லியிற் பையன்களைப் பயிற்றிய நிலையம் நம் கங்கையாற்றின் ஆங்கிலப் பெயரால் 'கேஞ்சிஸ்' எனப்பட்டது. ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு மாறும் இடைவேளையில் மாலுமி இத்தளத்திலே தங்குவர். அதனாலேயே அப்பெயர் திரும்பத் திரும்ப வரும்.

நம் நாட்டுக்கு அணித்தான எடுத்துக்காட்டும் உண்டு. 1914ஆம் ஆண்டுப் பதிவொன்றில் 'ஹைபிளையர்' என்றிருப்பின், அது 1898இல் நீரில் இறக்கப்பட்ட குறூசர் போர்க்கப்பல்; முதலாம் உலகப் போரின் தொடக்கத்திற் சமர் புரிந்தது. 1944ஆம் ஆண்டுப் பதிவில் அதே பெயர் இருப்பின், அது திருகோணமலையில் இருந்த கரைத்தளம். அவ்வாறே 'லங்கா' என்பது கொழும்பிலிருந்த தளம். பெயரை மாத்திரம் பார்த்தவர் கடற்போரைக் காண்பர். பெயரோடு ஆண்டையும் பார்த்தவர் திருகோணமலையைக் காண்பர்.

6. குறுக்கங்களைப் பொருள்கொள்ளல்

தமிழ் மாணவர்க்கு 'ஒருசொற் பலபொருள்' புதிதன்று. 'திங்கள்' என்பது விண்ணிலே மதி, நாட்காட்டியில் மாதம், கிழமைகளுள் ஒன்று. சொல் நின்ற இடமும் அதனைச் சார்ந்த சொற்களுமே பொருளைத் துணிவிக்கும். பதிவேட்டின் குறுக்கங்களும் அத்தகையனவே. அவை நிற்கும் நிரலை நோக்கிப் பொருள்கொள்ளல் வேண்டும்.

நன்னடத்தைச் சின்னத்துக்குரிய நிரலில் 'ஜீ' என்பது வழங்கப்பட்டது. 'டீ' என்பது பறிக்கப்பட்டது. 'ஆர்' என்பது மீள அளிக்கப்பட்டது. ஆயின் சேவை முடிந்தமையைக் கூறும் நிரலில் 'ஆர்' அல்லது 'றன்' என்றிருப்பின், படையை விட்டோடினார் என்பது பொருள். ஓரெழுத்து ஓரிடத்தில் மன்னிப்பையும் மற்றோரிடத்தில் ஓட்டத்தையும் குறிப்பதை நோக்குக. நிரல் பாராது படித்தவர் நேர்மையான மனிதரொருவரை ஓடிப்போனவர் ஆக்கிவிடக் கூடும்.

'ஷோர்' என்பது சேவை முடிந்து கரை சேர்ந்தமையையும், 'இன்வலிடட்' என்பது உடல்நலக் குறைவால் விலக்கப்பட்டமையையும் குறிக்கும். 'டீ.டீ.' என்னும் இரண்டெழுத்து, சேவையில் இறந்தமையைக் குறிக்கும். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்தோருள் 307 பேர் மாண்டனர். அவர்களுடைய ஏடுகள் அவ்விரண்டெழுத்தோடும் அந்நாளோடும் முடிகின்றன. எழுத்து இரண்டே, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பம் அழுதது.

ஒழுக்கம் ஆண்டுதோறும் டிசெம்பர் 31இல் மதிப்பிடப்பட்டது. 'வீ.ஜீ.' என்பது மிக நன்று. அதன்கீழ் 'நன்று', 'சுமார்' எனப் படிகள் இறங்கும். 'மிக நன்று' என்னும் சொற்கள் நம் பாடசாலை அறிக்கையிற் போல அரிய புகழ்மொழி அல்ல. நன்னடத்தைச் சின்னத்தைப் பெறுதற்கும் காத்தற்கும் அது வேண்டற்பாலது. ஆகவே 'நன்று' என்றே ஒருவர்க்கு எழுதப்பட்டிருப்பின் அவ்வாண்டில் ஏதோ நிகழ்ந்தது எனக் கொள்க. 'ஆர்.எம்.ஜீ.' என்பது நீண்டகாலச் சேவைப் பதக்கத்துக்கும் பணிக்கொடைக்கும் ஏற்றவர் எனப் பரிந்துரைத்தமையைக் காட்டும்.

இவற்றோடு உயரமும், மயிர் கண் ஆகியவற்றின் நிறமும், உடலிலுள்ள தழும்பும், பச்சை குத்திய உருவும் எழுதப்பட்டிருக்கும். முன்னோரின் படம் ஒன்றும் கிடைக்கப்பெறாதார்க்கு இச்சிறு வரிகளே உருவத்தை வரைந்து காட்டுவன. பிறந்த நாளை மாத்திரம் வேறு சான்றோடு ஒப்பிடுக. சேர்தற்பொருட்டு வயதைக் கூட்டிச் சொன்ன சிறுவர் உண்டு.

7. ஒரு பயிற்சி

பாடத்தின் பொருட்டு யாமே அமைத்த கற்பனைப் பதிவொன்றைக் கீழே தருகின்றோம். மாணவர் மேலே கூறியவற்றைக் கொண்டு தாமே படித்துப் பார்த்து, அதன்பின் எமது விளக்கத்தை நோக்குக.

எண்: 'ஜே' வரிசை.
1910 மார்ச்சு: இரண்டாந்தரப் பையன்; கேஞ்சிஸ்.
1912 மார்ச்சு: பதினெட்டு வயது; ஓடினரி சீமன்; ஒப்பந்தம் 12 ஆண்டு.
1913: ஏபிள் சீமன்.
1914: பீரங்கித் தேர்ச்சி.
சின்ன நிரல்: 1915 ஜீ, 1916 டீ, 1917 ஆர், 1921 ஜீ.
ஒழுக்கம்: 1916இற் 'சுமார்', ஏனைய ஆண்டுகளில் வீ.ஜீ.
கப்பல்கள்: இரு போர்க்கப்பல்கள், அவற்றின் முன்னும் இடையும் பின்னும் 'விக்டறி'.
1924 மார்ச்சு: ஷோர்.

இவர் 1922இல் எடுத்த படம் எவ்வாறிருக்கும்? இடக்கையில் நங்கூரமில்லை, கோணப்பட்டி இரண்டு. வலக்கையிற் பீரங்கி. குடும்பத்தார் 'கோப்ரல்' என்பர். அவர் கோப்ரல் அல்லர், ஏபிள் சீமன். விக்டறிக் கப்பலிற் சென்றவரும் அல்லர். போட்ஸ்மவுத் படைமனையிற் தங்கியவர். 1916இல் ஏதோ தவறு செய்து சின்னத்தை இழந்தார். ஆனால் அடுத்த ஆண்டே மீளப் பெற்றார். அதன்பின் ஏழாண்டும் மாசின்றி வாழ்ந்தார். கோப்ரல் என்னும் பொய்ப்பட்டத்தை நீக்கியதனால் நாம் இழந்தது யாது? பெற்றதோ பெரிது. விழுந்தெழுந்த ஒரு மனிதரின் மெய்வரலாற்றைப் பெற்றோம். பட்டத்தோடு நின்றிருப்பின் 'டீ' என்னும் எழுத்தையும் அதனைத் தொடர்ந்த 'ஆர்' என்னும் எழுத்தையும் எவர் தேடியிருப்பார்?

8. வரலாற்றில் இருவர்

கற்பனையை விடுத்து, உலகறிந்த இருவர் பதிவுகளை நோக்குவோம்.

டொம் கிறீன் என்னும் அயர்லாந்து நாட்டவர் 1893இற் பையனாகக் கடற்படையிற் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து பெற்றி ஒபிசரானார். 1901 டிசெம்பரில் ஏதோ குற்றத்துக்காக ஏபிள் சீமனாக இறக்கப்பட்டார். அம்மாதமே தென்துருவப் பயணஞ் செய்த 'டிஸ்கவறி' கப்பலில் ஆளொன்று குறைய, அதற்குத் தாமாக முன்வந்தார். 1904இல் அப்பயணம் முடிந்தபோது தலைவர் ஸ்கொட்டின் பரிந்துரையால் முதலாந்தரப் பெற்றி ஒபிசரானார். 1912இல் நோயுற்றுக் கிடந்த லெப்டினன்ற் எவன்ஸைக் காத்தற்பொருட்டு உறைபனியில் ஏறக்குறைய 35 மைல் தூரம் தனியே நடந்து உதவி கொணர்ந்து, அல்பேட் பதக்கம் பெற்றார். இவர் ஏட்டை 1901 டிசெம்பரோடு மூடிவிட்டவர் தண்டிக்கப்பட்ட மாலுமியொருவரையே கண்டிருப்பார். பதிவு இறுதிவரி வரை படிக்கப்படல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மற்றவர் ஜோன் டிறவேர்ஸ் கோண்வெல். 1900 சனவரியிற் பிறந்த இவர் 1915 யூலையிற் சேர்ந்தார். எண் ஜே 42563. எண்ணே அவர் மாலுமிப் பிரிவினர் என்பதைக் கூறுகின்றது. பயிற்சி பெற்றது டெவன்போட் கரைத்தளத்தில். 1916 மே 31ஆம் நாள் ஜட்லாந்துக் கடற்போரிற் 'செஸ்ரர்' என்னும் கப்பலில் முதலாந்தரப் பையனாகப் பீரங்கியொன்றின் குறிநோக்கியைச் சரிசெய்து நின்றார். சுற்றிலும் நின்றோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். தாமும் கடுங்காயமுற்றும், கட்டளை வருமென எதிர்பார்த்து, தம் இடத்தை விட்டு நீங்காது நின்றார். யூன் 2ஆம் நாள் வைத்தியசாலையில் இறந்தார். அவர் இடக்கையில் நங்கூரமில்லை. கோணப்பட்டி பெறுதற்கு வயதும் இல்லை. ஏடோ மிகச் சிறியது. ஆயினும் பிரித்தானியப் படைகளின் தலைசிறந்த விருதாகிய விக்டோரியாச் சிலுவை அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

சின்னங்கள் காலத்தையும் தொழிலையும் பொறுப்பையும் அளப்பன. மனிதரின் மதிப்பை அளப்பன அல்ல என்பதை இவ்விருவர் பதிவுகளும் ஐயமற விளக்குகின்றன. ஆகவே நம் முன்னோர்க்கு உயர்ந்த பதவியொன்றைத் தேடிக் கொடுத்தாலன்றி அவர் பெருமை விளங்காது என்று அஞ்சவேண்டுவதில்லை.

9. செய்யத்தக்கன

வீட்டிற் சீருடை இருப்பின் அதிலுள்ள சின்னத்தைப் பிரித்தெடுத்துச் சட்டமிட்டு மாட்டற்க. எக்கையில், எச்சின்னத்தின் மேல், எது தைக்கப்பட்டிருந்தது என்பதே பாதிப் பொருளைத் தருவது. படத்தைக் கண்ணாடியிற் பார்ப்பது போல மாற்றிப் படியெடுக்கற்க. இடமும் வலமும் மாறினாற் பதவி தொழிலாகும். படத்தின் பின்புறத்தில் மென்பென்சிலாற் பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதுக. முதியோர் சொல்வதைத் தனியே எழுதி, அதன்கீழ் 'கேட்டது' எனக் குறிப்பிடுக. பதிவேட்டிற் கண்டதைத் தனியே எழுதி 'கண்டது' எனக் குறிப்பிடுக. இரண்டும் ஒத்தவிடத்து மகிழ்க. மாறுபட்டவிடத்து ஏட்டையும் ஆண்டையும் மறுபடி நோக்குக. முதியவரைப் பொய்யர் என்று கொள்ளற்க. பிள்ளைப் பருவத்திற் கேட்ட சொல்லை அவர் அன்பினாற் காத்து வைத்தாரேயன்றி வஞ்சித்தாரல்லர்.

விழாக்காலங்களிற் கல்லூரிகள் தம் மாணவராயிருந்து நாட்டுக்கும் உலகுக்கும் பணியாற்றியோரின் பெயர்களைத் திரட்டுதல் வழக்கம். அப்பட்டியலிலே பெயரோடு பதவியும் எழுதப்படும். அங்கே எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த தலைமுறைக்குச் சான்றாகும் என்பதைத் தொகுப்போர் நினைவிற் கொள்வாராக. கப்டன் அல்லாதவரைக் கப்டன் என எழுதினால், உண்மையில் அப்பதவியை உழைத்துப் பெற்றவர்க்கும் அநீதி. எழுதப்பட்டவரின் மெய்யான உழைப்புக்கும் அநீதி. 'ஏபிள் சீமன், மூன்று நன்னடத்தைச் சின்னம்' என்று உள்ளவாறே எழுதுக. படிக்கத் தெரிந்தவர் அதனைப் படித்துத் தலைவணங்குவர். அவ்வாறு படிக்கத் தெரிந்தவர் நம் மாணவரிடையே பெருகுவாராக.